அடுப்பு மாமா

சேலம், நாமக்கல் பக்கம் குலசாமி கோயிலில் கிடா விருந்து என்றால், சமையல்காரருக்கு முன்பே ஒருவர் வந்து நிற்பார். வெங்காயம் உரிக்க மாட்டார். கறி கழுவ மாட்டார். உப்புப் பார்க்க மட்டும் கை நீட்டுவார். ஆனால் அடுப்புப் பக்கம் வேறு யாரும் அண்ட முடியாது. வேட்டியை மடித்துக் கட்டி, துண்டை உருமாலையாகச் சுற்றி, நீளக் கம்போடு விறகைத் தள்ளுவார், இழுப்பார், மறுபடி தள்ளுவார். தானாக எரிகிற நெருப்புக்கு இத்தனை நிர்வாகம். ஊர் முழுக்க அவருக்கு மாமா என்றே பெயர்.

விறகு சாஸ்திரம் அத்துப்படி. புளியங்கட்டை நின்று எரியும், வேலிக்காத்தான் கங்கு பிடிக்கும், முருங்கை எதற்கும் ஆகாது. இதுவரை சரிதான். சிக்கல் புகையில்தான். 1980களில் மத்திய அரசு ஊர் ஊராகப் புகையில்லா அடுப்பு போட்டுக் கொடுத்ததே, அதை இன்றுவரை அவர் மன்னிக்கவில்லை. புகை வராவிட்டால் அங்கே ஒருவர் வேலை செய்கிறார் என்பது நாலு பேருக்கு எப்படித் தெரியும்?

இப்படிப்பட்டவருக்கு மருமகன் ஆன்லைனில் ஒரு கேம்ப் ஸ்டவ் வாங்கிக் கொடுப்பார். சொம்பு அளவு ஸ்டீல் டப்பா, இரட்டைச் சுவர், அடியில் ஓட்டை, உள்வாய் ஓரமாக இன்னொரு வரிசை ஓட்டை. ஆடிப்பெருக்கன்று ஜேடர்பாளையம் காவிரிக் கரையில் அரங்கேற்றம். ஆடிக் காற்றுக்கு அம்மியே பறக்கும் என்கிறார்கள், டப்பா எம்மாத்திரம்!

“ஏனுங் மாமா, டீ ஆச்சுங்களா?”

“சித்த இரு மாப்ள, இப்பத்தான் புடிச்சிருக்குது.”

பிடித்தது புகை மட்டும். டப்பாவின் வாய்வரை கட்டையைத் திணித்தால் மேல் ஓட்டைகள் அடைபட்டுப் போகும். சுவர்களுக்கு நடுவே சூடேறி வரும் காற்று அந்த ஓட்டைகள் வழியாகப் பாய்ந்தால்தான் புகையே பற்றி எரியும். காய்ந்த விறகின் எடையில் முக்கால் பங்குக்குமேல் சூட்டில் ஆவியாகத்தான் கிளம்புகிறது. மாமா கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊருக்கெல்லாம் காட்டுவது எரியாமல் தப்பிப்போன விறகைத்தான். இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். “நீ எத்தனை கிடாய்க்கு அடுப்பு எரிச்சிருக்கறே?”

அதைவிடப் பெரிய கொடுமை, பேச முடியாதது. கோயில் அடுப்பில் ஒரு கட்டையைச் சொருகிவிட்டால் பங்காளி வழக்கை முதல் வாய்தாவிலிருந்து தீர்ப்புவரை சொல்லலாம். இந்த டப்பாவில் விரல் பருமன் குச்சியை ஒன்றிரண்டாகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வக்கீல் கோர்ட்டுக்குள் நுழைவதற்குள் நெருப்பு அணைந்துவிடும். திரும்பப் பற்றவைத்துக் கதையைத் தொடர்ந்தால், கேட்க ஆளிருக்காது. ஆற்றில் இறங்கியிருப்பார்கள்.

பிலிக்கல்பாளையம் பக்கத்து வெல்ல ஆலைகளில் கொப்பரைக்கு அடியில் காய்ந்த கரும்புச் சக்கையைத் தள்ளிக்கொண்டிருப்பவரைப் பார்த்திருக்கிறீர்களா? கை நிற்காது. சக்கை சடசடவென்று எரிந்து தீரும். ஒரு பிடி தவறினால் பாகு காத்திருக்காது. அவர் யாரிடமும் வித்தை பேசுவதில்லை. நேரம் ஏது?

கடைசியில் அத்தைதான் எழுந்து வருவார். டப்பாவைக் கவிழ்த்து, குச்சிக்கிழங்குக் காட்டிலிருந்து பொறுக்கி வந்த காய்ந்த குச்சிகளை விரல் நீளத்துக்கு ஒடித்து, மேல் ஓட்டைக்குக் கீழேயே நிறுத்தி, உச்சியில் கொஞ்சம் தேங்காய் நாரை வைத்துப் பற்றவைப்பார். தீ மேலிருந்து கீழே இறங்கும். டீ கொதிக்கும். “தள்ளி உக்காருங்க, காத்து அடைக்குது” என்பதைத் தவிர வேறு சொல் கிடையாது.

மாமா டம்ளரை வாங்கி, ஒரு மடக்குக் குடித்து, முகம் சுளித்துவிட்டுப் பக்கத்துக் குடும்பத்தாரிடம் திரும்புவார்.

“என்ன இருந்தாலும் புகை வாசம் பத்தலைங்க.”