வீண்தியாகவியல்: சில ஆரம்பக் குறிப்புகள்

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், தானம் என்றால் என்ன என்பதை 122-ஆவது பிரிவில் சொல்கிறது. கொடுப்பவர் மனமுவந்து, கைம்மாறு எதுவும் வாங்காமல் கொடுக்க வேண்டும். பெறுபவர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். அதையும் கொடுப்பவர் உயிரோடிருக்கும்போதே செய்துவிட வேண்டும். ஏற்பதற்குள் பெறுபவர் இறந்துபோனால் தானம் செல்லாது. தமிழ்ப் படங்களின் நாயகிகளில் ஒருவராவது இந்தப் பிரிவைப் படித்திருந்தால், நம் தாய்மார்கள் கொட்டகையில் நனைத்த முந்தானைகளில் பாதியாவது காய்ந்திருக்கும்.

வீண்தியாகவியல் என்னும் இத்துறைக்கு இன்னும் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இருக்கை கிடையாது. ஆய்வுப் பொருளுக்கோ பஞ்சமே இல்லை. எல்லாத் தியாகமும் வீண் ஆகிவிடாது என்பதால் முதலில் ஓர் அளவுகோல் வேண்டும். இக்கட்டுரையாளர் பரிந்துரைப்பது 'ஒரு நிமிடச் சோதனை'. சம்பந்தப்பட்ட பாத்திரம் ஒரே ஒரு நிமிடம் வாயைத் திறந்து பேசியிருந்தால் தியாகத்துக்குத் தேவையே இருந்திருக்காது என்றால், அது வீண்தியாகம்.

சோதனையை ஸ்ரீதர் இயக்கிய முதல் படமான 'கல்யாணப் பரிசு' (1959) மீது நடத்திப் பார்க்கலாம். பாஸ்கரும் (ஜெமினி கணேசன்) வசந்தியும் (சரோஜாதேவி) காதலர்கள். வசந்தியின் அக்கா கீதாவுக்கும் (விஜயகுமாரி) பாஸ்கர் மேல் விருப்பம் வந்துவிடுகிறது. "அக்கா, நாங்க ரெண்டு பேரும் விரும்பறோம்." ஐந்து சொற்கள், ஒரு நிமிடம்கூட வேண்டாம், ஐந்து விநாடி போதும். வசந்தி சொல்லவில்லை. பாஸ்கரைக் கட்டாயப்படுத்தி அக்காவுக்குக் கட்டிவைக்கிறாள். பிறகு வீட்டில் நிம்மதி போகிறது, வசந்தி வீட்டை விட்டுப் போகிறாள், உண்மை தெரிந்த கீதா உலகத்தை விட்டே போகிறாள். கடைசியில் பாஸ்கர் தாயில்லாக் குழந்தையைக் கொண்டுவந்து வசந்தியின் திருமணத்தில் பரிசாகக் கொடுக்கிறான்.

இதைச் சார்பதிவாளர் மேசையில் வைத்தால் என்ன ஆகும்? கொடுத்தவர் வசந்தி. கொடுக்கப்பட்ட பொருள் பாஸ்கர். அவருடைய சம்மதம் அரைகுறை. பெற்றவர் கீதா; தமக்கு ஒரு தானம் வந்திருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, பொருளின் மேல் ஏற்கெனவே ஒரு காதல் நிலுவையில் இருந்திருக்கிறது. வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்திருந்தால் கீதா இந்தப் பத்திரத்தில் கையெழுத்தே போட்டிருக்க மாட்டார்.

முன்னோர்களின் வழக்கம் வேறு. சிறுபாணாற்றுப்படை பட்டியலிடும் கடையெழு வள்ளல்களில் பாரி, பற்றிப் படரக் கொம்பில்லாத முல்லைக்கொடிக்குத் தன் தேரை விட்டுவந்தவன். ஒரு குச்சியை நட்டிருந்தால் போதாதா என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவருகிறார்கள். அந்தக் கேள்விக்குப் பாரியைப் பாடிய கபிலரிடமே சான்று இருக்கிறது. பாரியின் பறம்பு மலையில் உழாமலே கிடைக்கும் நான்கு விளைபொருள்களைப் புறநானூற்றின் 109-ஆம் பாட்டில் அவர் எண்ணிச் சொல்கிறார்: மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். ஆக, மலையில் மூங்கில் இருந்திருக்கிறது. நெல் விளையும் அளவுக்கே இருந்திருக்கிறது. தேர் வீண்தான். ஆனால் தேர் பாரியின் சொந்தத் தேர். உரிமையில் குறை இல்லை. முல்லையும் ஏறிப் படர்ந்துகொண்டது என்றால், அதைவிடத் தெளிவான ஏற்பு வேறு என்ன வேண்டும்?

மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் கதை இன்னும் சுவாரசியம். குளிருமோ என்று மயிலுக்கு இரங்கிய இந்த வள்ளல், மனைவி கண்ணகியை விட்டுவிட்டு வேறொருத்தியிடம் போயிருந்தார். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு புலவர்கள், பரிசில் வேண்டாம், வீட்டுக்குப் போ என்று பாட வேண்டியிருந்தது (புறம் 143 முதல் 147 வரை). தியாகம் செய்பவர்கள் பொதுவாகத் தூரத்தில் இருப்பவர்களுக்கே முதலில் செய்கிறார்கள் என்ற கருதுகோளுக்கு இது தொடக்கச் சான்று.

பெரியபுராணத்து மந்திரியின் கணக்கு நேரவே நேராது. கன்றைத் தேரேற்றிக் கொன்ற இளவரசன் மேல் தேரை ஓட்டச் சொல்லி மனுநீதிச் சோழன் ஆணையிடுகிறான். மந்திரிக்கு மனம் வரவில்லை. தன் உயிரையே விட்டுவிடுகிறார். அரசன் தானே தேரை ஓட்டிவிடுகிறான். மந்திரியின் தியாகத்தால் இளவரசன் பிழைக்கவில்லை. திருவாரூர் வீதியில் ஓர் உடல் கூடியதுதான் மிச்சம். நல்லவேளையாகச் சிவபெருமான் வந்து கன்று, இளவரசன், மந்திரி மூவரையும் எழுப்பிக் கணக்கை நேர் செய்தார். கோடம்பாக்கத்தில் இந்த வசதி இல்லாமல் போனதுதான் கீதாவுக்கு வந்த வினை.

இத்துறையின் சிகரம் என்று பீம்சிங்கின் 'பாலும் பழமும்' (1961) படத்தைத் தயங்காமல் சொல்லலாம். டாக்டர் ரவி (சிவாஜி) புற்றுநோய்க்கு மருந்து தேடுகிறார். மனைவி சாந்தி (மறுபடி சரோஜாதேவி) செவிலியாக இருந்தவர். சாந்திக்குக் காசநோய் வருகிறது. கணவர் ஆராய்ச்சியை ஓரம் கட்டிவிட்டுத் தன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போகிறார். இறந்துவிட்டதாக எல்லோரும் நம்புகிறார்கள். ரவி நளினியை (சௌகார் ஜானகி) மணக்கிறார். சாந்தி சுவிட்சர்லாந்து போய்க் குணமாகித் திரும்புகிறார். பார்வை இழந்த ரவிக்கு நீலா என்ற பெயரில் செவிலியாக வந்து சேர்கிறார்.

இங்கே மருத்துவ வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டியிருக்கிறது. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சைக்கென்று ஓர் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. நகரத்தின் நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்தில் வைத்து மாத்திரையோடு நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்துக் கவனித்தார்கள். மற்றவர்களை வீட்டிலேயே விட்டு, கையில் அதே மாத்திரையைக் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரு தரப்பினரும் ஏறத்தாழ ஒரே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து வரவில்லை என்றும் தெரிந்தது. 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியான இந்த 'மெட்ராஸ் ஆய்வு', சானடோரியக் காலத்தையே முடித்துவைத்தது.

அதாவது, சாந்தி வீட்டை விட்டுப் போவதற்கு இரண்டு ஆண்டு முன்பே, போக வேண்டியதில்லை என்று நிறுவப்பட்டாயிற்று. நிறுவிய ஊர் சென்னை. கணவர் டாக்டர். ஒருவேளை ரவி புற்றுநோய்க் கட்டுரைகளை மட்டுமே படித்திருக்கலாம்.

சட்டச் சிக்கல் தனி. முதல் மனைவி உயிரோடிருக்கும்போது செய்துகொண்ட இரண்டாவது திருமணம், 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி செல்லாது. கணவருக்கு நல்ல வாழ்வு அமையட்டும் என்று விலகிய சாந்தி, தாம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஒரே காரணத்தால் நளினியின் திருமணத்தைச் செல்லாததாக்கிக்கொண்டிருந்தார். நளினியிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. வீண்தியாகத்தில் மூன்றாம் நபருக்குத் தகவல் கொடுக்கும் வழக்கமே இல்லை.

'ஆலயமணி'யில் (1962) சேகர் (எஸ்.எஸ்.ஆர்.) தன் காதலி மீனாவை நண்பன் தியாகுவுக்காக (சிவாஜி) விட்டுக்கொடுக்கிறான். பின்னால் தியாகுவுக்குச் சந்தேகமும் கொலைவெறியும்தான் மிஞ்சுகின்றன. மீனா யார்? சரோஜாதேவியேதான். 1959-இல் கொடுப்பவர், 1961-இல் தன்னையே கொடுப்பவர், 1962-இல் கொடுக்கப்படுபவர் என்று மூன்றே ஆண்டில் இத்துறையின் எல்லாப் பதவிகளையும் வகித்தவர் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

அதே 1962-இல் ஸ்ரீதர் தம் பழைய பிழையைத் திருத்தப் பார்த்தார். 'நெஞ்சில் ஓர் ஆலய'த்தில் புற்றுநோயில் படுத்திருக்கும் வேணு (முத்துராமன்), தான் இறந்தால் பழைய காதலரான டாக்டர் முரளியையே (கல்யாண்குமார்) மணந்துகொள்ளும்படி மனைவி சீதாவிடம் (தேவிகா) சொல்கிறார். இங்கே வாயைத் திறந்து கேட்டாயிற்று. சீதா துடித்துப்போய் மறுக்கிறார். ஏற்பு இல்லை, தானம் செல்லாது. 122-ஆவது பிரிவு முதல்முறையாகத் திரையில் வென்றது. ஆனாலும் ஒரு தியாகம் இல்லாமல் படத்தை முடிக்க ஸ்ரீதருக்கு மனம் வரவில்லை போலும். வேணுவைக் காப்பாற்ற ஊண் உறக்கம் இல்லாமல் உழைத்த டாக்டர், அறுவை சிகிச்சை வெற்றியானதும் தான் இறந்துபோகிறார். சிகிச்சைக்கு முன்பு எட்டு மணி நேரம் தூங்கும்படி அவரை யாராவது அதட்டியிருக்கலாம்.

தியாகம் தேவைதானா என்ற இதே ஐயம் வெளிநாட்டில் ஆய்வுக்கூடம் வரை போயிருக்கிறது. 'டைட்டானிக்' (1997) படத்தில் ரோஸ் பலகையின் மேல், ஜாக் பனிநீருக்குள். இருவருக்கும் இடம் இருந்ததா என்ற வாக்குவாதம் கால் நூற்றாண்டாக ஓயவில்லை. 2012-இல் 'மித்பஸ்டர்ஸ்' தொலைக்காட்சிக் குழு, உயிர்காப்பு அங்கியைப் பலகைக்கு அடியில் கட்டினால் இருவருமே பிழைக்கலாம் என்று காட்டியது. ஜாக் சாக வேண்டும் என்று திரைக்கதையில் எழுதியிருக்கிறது என்பதுதான் ஜேம்ஸ் கேமரூனின் பதில். அப்படிச் சொன்னவரே 2023-இல் குளிர்நீரில் ஆட்களை இறக்கிச் சோதித்து, ஜாக் பிழைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டார். பலகை மட்டும் நஷ்டப்படவில்லை. 2024-இல் அது 7 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

எல்லாவற்றையும் இந்த அளவுகோலில் அடக்கிவிட முடியாது. கே. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' (1974) கவிதாவிடம் (சுஜாதா) சோதனை தோற்றுப்போகிறது. அவள் வாய் மூடி இருப்பவள் இல்லை. வீட்டில் அத்தனை பேரையும் வார்த்தையால் விளாசுகிறாள். ஒரு நிமிடம் என்ன, ஒரு நாள் முழுக்கப் பேசினாலும் மாதச் சம்பளம் அவளுடையது ஒன்றுதான், சாப்பிடும் வாய்கள் பல. வசந்தியும் சாந்தியும் செய்ததையும் இதையும் 'தியாகம்' என்ற ஒரே சொல்லால் குறிப்பது தமிழ் அகராதிக்காரர்களின் கவனக்குறைவு.

கடைசியாக ஒரு தரவு விடுபட்டிருக்கிறது. 'கல்யாணப் பரிசு' படத்தில் யாருக்காகவும் எதையும் தியாகம் செய்யாத ஒருவர் உண்டு. தங்கவேலு. வேலைக்குப் போகாமல், மன்னார் அண்ட் கம்பெனியில் வேலை என்று வீட்டில் புளுகுகிறார். பைரவன் என்ற எழுத்தாளர் தாம்தான் என்றும் அளக்கிறார். எல்லாம் வெளுத்துப்போய் மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்கிறார். அந்தப் படத்தில் சண்டை போட்டும் சிரித்தும் முழுசாகத் தப்பிய குடும்பம் அதுதான். மனைவியாக நடித்தவர் எம். சரோஜா. தங்கவேலு பின்னால் நிஜத்திலும் அவரையே கல்யாணம் செய்துகொண்டார்.