எழுத்தால் கட்டிய ஊரும் அதன் சண்டியர்களும்

ஆதியில் ஒரு சதுப்பு நிலம் இருந்தது. காட்டிலும் குகையிலும் கண்டெடுத்த பொன்னையும் மணியையும் கொண்டுபோய் அதற்குள் எறிந்தால் புள்ளி கிடைக்கும். புள்ளி ஏற ஏறப் பதவி உயரும். உச்சிக்குப் போனவர் மந்திரவாதி. பெண்ணென்றால் சூனியக்காரி. அந்தப் பதவியோடு ஒரு விரலும் வரமாகக் கிடைக்கும். அதை நீட்டினால் எதிரே நிற்கிறவர் காலி. பஸ்மாசுரன் பாவம், அவனுக்குத் தலையில் கைவைக்கவேண்டியிருந்தது.

இந்தப் புராணம் நடந்த தலம் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகம். 1978இல் ரோய் ட்ரப்ஷோ என்ற மாணவர் தொடக்கிவைத்தார். 1980இல் அவர் படிப்பு முடிந்து கிளம்பும்போது சாவி ரிச்சர்ட் பார்ட்டில் கைக்கு வந்தது. விளையாட்டின் பெயர் மட். படம் இல்லை, பாட்டு இல்லை, திரை முழுக்க எழுத்து. வடக்கே போ என்று தட்டினால் வடக்கே போகலாம். வாளை எடு என்று தட்டினால் கையில் வாள். பகலில் கணினி பல்கலைக்கழகத்துச் சோலிக்கு வேண்டும் என்பதால், வெளியாட்கள் தொலைபேசிக் கம்பி வழியாக நள்ளிரவு தாண்டித்தான் உள்ளே வரலாம். இதனால் அந்த உலகத்தின் முதலாவது சமூக விதி யாரும் எழுதாமலே அமுலுக்கு வந்தது: நித்திரை கொள்ளாதவன் பெரியாள்.

அங்கே ஒருவருக்கும் முகம் கிடையாது. எழுதின பெயர்தான் முகம், எழுதின வசனம்தான் உடுப்பு. மீசை வைத்த ஆம்பிளை சூனியக்காரியாக உலாவலாம், பரீட்சையில் கோட்டை விட்டவர் மகா மந்திரவாதியாக வீற்றிருக்கலாம். சான்றிதழ் கேட்க ஆள் இல்லை.

போகப்போக ஒரு கேள்வி வந்தது. இந்தச் சனம் எதற்காக இங்கே வந்து கிடக்கிறது? மூத்த ஆட்டக்காரர்கள் 1989 நவம்பரில் இதைப் பற்றி எழுதி வாதாடத் தொடங்கி, 1990 மே மாதம்தான் ஓய்ந்தார்கள். ஆறு மாதம் இப்படி வாதாட நேரமிருந்ததே அந்தக் கேள்விக்குப் பாதி விடை என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. பார்ட்டில் பொறுமையாக அதன் சாரத்தைப் பிழிந்தெடுத்து 1996இல் ஒரு கட்டுரையாக்கினார். ஆட்டக்காரரில் நாலு வகை என்றார், நாலு வகைக்கும் சீட்டுக்கட்டிலிருந்து பெயர் கொடுத்தார். புள்ளியும் பதவியும் சேர்க்க வந்தவர் டயமன். மூலைமுடுக்கைக் கிண்டிக் கிளற வந்தவர் இஸ்பேட். கதைபேச வந்தவர் ஆட்டின். மற்றவனை அடித்து அழவைத்துச் சந்தோசப்பட வந்தவர் கிளாவர். கிளாவர் பெருகினால் ஆட்டின் ஊரைவிட்டு ஓடும் என்றும் கணக்குச் சொன்னார். முன்னூற்றுநாலு என்ற சீட்டாட்டம் விளையாடி வளர்ந்த வன்னிக்காரருக்கு இதில் ஒரு குறை உடனே பிடிபடும். மனிசன் நாலு சாதியையும் சொன்னார், துரும்பு எது, அதைக் கவிழ்த்து வைத்திருக்கிறவர் யார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

இதே காலத்தில் இலங்கையின் வன்னியில் மின்சாரம் கிடையாது. 1990 ஆனியில் சண்டை மறுபடி மூண்டதோடு வந்த இருட்டு. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வானொலி பாட, மற்றவர்கள் சுற்றியிருந்து பிபிசி தமிழோசை கேட்டார்கள். முல்லைத்தீவுக் கரையோரத்துக் கொக்கிளாயார் இன்னும் ஒருபடி மேலே. 1984 கடைசியில் ஊரைவிட்டு எழுப்பப்பட்டவர்கள் அவர்கள். களப்பு அங்கேயே கிடந்தது, இறாலும் கொக்கும் அங்கேயே இருந்தன, ஊர்ச் சனம்தான் இல்லை. விண்ணப்பப் படிவத்தில் நிரந்தர முகவரி என்ற கோட்டில் கொக்கிளாய் என்று எழுதுவார்கள். தற்காலிக முகவரி என்ற கோட்டில் அந்த வருடம் எந்த ஊர் இடம் தந்ததோ அதை எழுதுவார்கள். எழுத்தில் மட்டும் இருக்கிற ஊரில் குடியிருப்பது எப்படி என்பதில் கலிபோர்னியாக்காரருக்கு நாங்கள் பல வருடம் மூத்தவர்கள். காப்புரிமை எடுக்கத்தான் மறந்துபோனோம்.

கலிபோர்னியாவில் நடந்தது இது. சீரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் வேலைபார்த்த பாவெல் கர்ட்டிஸ் 1990இல் லாம்டாமூ என்ற எழுத்து வீட்டைக் கட்டினார். கற்பனைக்கு என்ன பஞ்சமோ, தன்னுடைய சொந்த வீட்டின் அமைப்பையே அதற்கும் போட்டார். புதிதாக வருகிறவர் முதலில் விழுவது கோட்டுக் கொழுவும் சின்ன அறைக்குள். இருட்டு, நெருக்கம், மேலெல்லாம் கோட்டு. கதவைத் தள்ளினால் வெளிச்சமான வரவேற்பறை. குளிர்காய நெருப்படுப்பு, இரண்டு சுவர் நிறையப் புத்தகம், கண்ணாடிக்கு வெளியே நீச்சல்குளம். நடுவில் ஒரு கொண்டைக்கிளி. அறையில் யாரோ சொன்னதைக் காதில் வாங்கிவைத்திருந்து, சம்பந்தமில்லாத நேரத்தில் சம்பந்தமில்லாத ஆளுக்கு முன்னால் ஒப்புவிக்கும். தொல்லை தாங்காமல் கிளியின் வாயைக் கட்ட ஒரு கட்டளை வைத்திருந்தார்கள். அலட்டுகிற மனிதருக்கும் ஒரு கட்டளை இருந்தது. ஆனால் அது உங்கள் காதைத்தான் அடைக்கும், அவருடைய வாய் ஊருக்குத் திறந்தபடியே இருக்கும்.

வந்தவர்கள் எல்லாரும் வீட்டோடு அறை அறையாக ஒட்டிக் கட்டத் தொடங்கினார்கள். கல்லும் சீமெந்தும் வேண்டாம், வசனம் போதும். உடனே கணினியில் இடம் முட்டியது. யார் எவ்வளவு கட்டலாம் என்று பங்கீடு செய்யக் கட்டட மீளாய்வுச் சபை ஒன்று வந்தது. இல்லாத வீட்டின் இல்லாத அறைக்கு அனுமதி எடுக்க இருக்கிற ஆட்கள் வரிசையில் நின்றார்கள். சபை உறுப்பினருக்கு ஊரில் திடீரென்று மரியாதை கூடியது என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

ஊர் பெருக்கப் பிணக்கும் பெருத்தது. தீர்த்துத் தீர்த்துக் களைத்த கர்ட்டிஸ், 1992 டிசம்பரில் ஓர் அறிக்கை விட்டார். இனிமேல் மந்திரவாதிகள், அதாவது நிர்வாகிகள், தொழில்நுட்ப வேலையை மட்டும் பார்ப்பார்கள், சண்டை சச்சரவை நீங்களே பேசித் தீருங்கள் என்பது அதன் சுருக்கம். துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என் கையில் ஒன்றுமில்லை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். சனம் கைதட்டியது. கணினியின் சாவி மட்டும் அவரிடமே இருந்தது.

நாலு மாதம் போகவில்லை. 1993 மார்ச்சில், மிஸ்டர் பங்கிள் என்ற பெயரில் உலாவிய ஒருவன், பிறருடைய பாத்திரங்களைத் தன் இஷ்டப்படி ஆட்டுவிக்கும் சூனியப் பொம்மை ஒன்றை வைத்துக்கொண்டு, அதே வரவேற்பறையில், எல்லார் முன்னிலையிலும், சிலரை எழுத்தால் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினான். இதில் பகிடி இல்லை. பெயரும் உடம்பும் கற்பனை, அதை வாசித்த பெண் விட்ட கண்ணீர் கற்பனை இல்லை. பகிடி தொடங்குவது அவர்கள் நியாயம் கேட்கப் போன இடத்தில்.

மூன்றாம் நாள் பொதுக்கூட்டம். முப்பது பேரளவில் கூடினார்கள். கோரிக்கை ஒன்றுதான், ஆளைத் தேரையாக்க வேண்டும். அதாவது பாத்திரத்தை அடியோடு அழிக்கவேண்டும். சட்டமில்லாமல் தண்டனை இல்லை, முதலில் யாப்பை எழுதுவோம் என்றது ஒரு கட்சி. மந்திரவாதிகளே திரும்பி வந்து ஆளட்டும் என்றார்கள் ராசவிசுவாசிகள். பிடிக்காவிட்டால் காதை அடைத்துக்கொண்டு போகலாமே என்றார்கள் சுதந்திரப் பிரியர்கள். அதிகாரம் என்பதே கூடாது என்ற அராஜகவாதிகளும் தங்களுக்குரிய நேரத்தை ஒரு நிமிடம் விடாமல் பேசினார்கள். நடுவில் குற்றம் சாட்டப்பட்டவனே கூட்டத்துக்கு வந்து, தான் செய்தது ஒருவகை உளவியல் உத்தி என்று விளக்கம் கொடுத்துவிட்டுக் கிளம்பினான். கடற்றொழிலாளர் சங்கமோ கோயில் பரிபாலன சபையோ, ஏதாவது ஒன்றின் பொதுக்கூட்டத்தில் இருந்தெழும்பிய எவரும் மிச்சத்தை ஊகிப்பார்கள். மணித்தியாலக் கணக்கில் பேசி, ஒரு முடிவும் எடுக்காமல், ஒவ்வொருவராக நித்திரைக்குப் போனார்கள்.

முழித்திருந்தவர் ஜோஃபீட்பேக் என்ற மந்திரவாதி. சபை கலைந்தபிறகு தனியே இருந்து யோசித்தார். கட்டளையைத் தட்டினார். மிஸ்டர் பங்கிள் காலி. முன்மொழிவு இல்லை, வழிமொழிவு இல்லை, கூட்டக் குறிப்பும் இல்லை. எசெக்ஸில் எழுதாமல் அமுலுக்கு வந்த அந்த முதல் விதி இங்கேயும் நின்று வேலை செய்தது.

பிறகு கர்ட்டிஸ் வந்து பார்த்தார். மனுக் கொடுக்கலாம், கையெழுத்துச் சேர்க்கலாம், வாக்கெடுக்கலாம், எதிர்த்து ஒரு வாக்கென்றால் ஆதரித்து இரண்டு விழவேண்டும் என்று ஒரு யாப்பையே நிறுவினார். பிணக்குத் தீர்க்க நடுவர்களும் வந்தார்கள். அன்றோடு ஊரில் மனுப்போடுவதே விளையாட்டாகியது. பங்கிளோ கொஞ்ச நாளில் டொக்டர் ஜெஸ்ட் என்று பெயரை மாற்றிக்கொண்டு அதே கோட்டு அறை வழியாக உள்ளே வந்தான். ஜூலியன் டிபெல் என்ற எழுத்தாளர் இந்தக் கதை முழுவதையும் 1993 டிசம்பரில் நியூயோர்க்கின் வில்லேஜ் வொய்ஸ் பத்திரிகையில் எழுத, அதுவரை இப்படியொரு வீடு இருப்பதே தெரியாத பேராசிரியர்கள் அதைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதப் புறப்பட்டார்கள்.

1996 மே மாதம் கர்ட்டிஸ் இன்னோர் அறிக்கை விட்டார். ஊர் விவகாரத்தில் தலையிடாமல் இருப்பது நடக்காத காரியம், நாங்கள் தலையிடத்தான் போகிறோம் என்றார். மூன்றரை வருடம் குப்புறக் கிடந்த துரும்பு நிமிர்ந்தது. என்னைக் கேட்டால், லாம்டாமூவில் எழுதப்பட்ட சட்டங்கள் எல்லாவற்றிலும் நேர்மையானது அந்த ஒரு கடதாசிதான்.

2002 நவம்பரில் ஆஸ்திரேலிய எழுத்தாளர் மக்ஸ் பரி, தன்னுடைய நாவலுக்கு விளம்பரமாக நேஷன்ஸ்டேற்ஸ் என்ற விளையாட்டை விட்டார். இங்கே ஆளுக்கொரு வீடு போதாது, ஆளுக்கொரு நாடு. இதுவும் எழுத்துத்தான். நாடுகள் கூடிப் பிராந்தியமாகும், பிராந்தியத்துக்கு ஒரு பிரதிநிதி இருப்பார். கொஞ்சக் காலத்தில் சூறையாடிகள் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. நேரம் பார்த்து ஆட்களை ஒரு பிராந்தியத்துக்குள் இறக்கி, எண்ணிக்கையால் தங்கள் ஆளைப் பிரதிநிதியாக்கி, முகப்புப் பலகையைத் திருத்தி எழுதி, பழைய குடிகளை வெளியே தள்ளுவது அவர்களின் பொழுதுபோக்கு. இந்த விளையாட்டின் விதிகளைக் கொக்கிளாய்ப் பக்கத்துக்காரருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இந்த நாடுகளுக்கு ஒரு ஐக்கிய நாடுகள் சபையும் இருந்தது, விளையாட்டுக்குத்தான். 2008 தொடக்கத்தில் உண்மையான ஐக்கிய நாடுகள் சபை, எங்கள் பெயரையும் சின்னத்தையும் பாவிப்பதை நிறுத்து என்று மக்ஸ் பரிக்குக் கடிதம் எழுதியது. அவர் ஏப்ரல் 1ஆம் திகதி அதற்கு உலகப் பேரவை என்று பெயரை மாற்றினார். அதே வருடம் செப்டெம்பரில் உண்மையான சபை கிளிநொச்சியிலிருந்து வாகனங்களை வரிசையாக எடுத்துக்கொண்டு கிளம்பியது. போகவேண்டாம் என்று சனம் வாசலில் நின்று கேட்டது. இல்லாத நாடுகளின் விவகாரத்தில் சபை காட்டிய விரைவையும் கண்டிப்பையும் யாரும் குறைசொல்ல முடியாது.

சண்டை முடிந்து கொக்கிளாயார் ஊர் திரும்பியும் பல வருடமாகிறது. ஆனால் கனடாவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்கிற பாதி ஊர் இன்னமும் எழுத்தில்தான் கூடுகிறது. அதன் பெயர் வட்ஸ்அப் குழு. பார்ட்டிலின் நாலு பேரும் எங்கள் பக்கத்து எந்தக் குழுவிலும் குறைவில்லாமல் இருக்கிறார்கள். திருவிழா உபயப் பட்டியலில் தன் பெயர் மேலே வரும்வரை விடாதவர் டயமன். எந்தக் காணி எந்தப் பாட்டாவின் பேரில் இருந்தது என்று பழைய உறுதியைப் படமெடுத்துப் போடுகிறவர் இஸ்பேட். விடிந்தால் ரோசாப்பூவோடு காலை வணக்கம் அனுப்புகிறவர் ஆட்டின். அந்த ரோசாப்பூவுக்கு அடியில் பத்து வருடத்துக்கு முந்திய கணக்கறிக்கையைக் கேட்கிறவர் கிளாவர். கொண்டைக்கிளிக்குப் பதிலாகப் பார்வர்ட் பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் குழுவில் எல்லாரும் சமம் என்று அடிக்கடி எழுதுகிறவர் அட்மின்.

அட்மின் அண்ணைமாருக்கும் அக்காமாருக்கும் ஒரு விண்ணப்பம். ஆளைத் தூக்குவதற்கு முதல் விதியை எழுதிப் போடுங்கள், தூக்கினபிறகு காரணத்தை எழுதிப் போடுங்கள், எனக்கு ஒரு அதிகாரமும் இல்லை என்று மட்டும் எழுதாதீர்கள். மற்றவர்களுக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: கூட்டம் முடியும்வரை நித்திரைக்குப் போகாதீர்கள்.