தர்மம் பாதி காக்கும்

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள். ஆடிட்டருக்குத் தெரிந்தால் தவறில்லை.

மார்ச் கடைசி வாரம் வந்தால் எங்கள் தெரு ஹார்டுவேர் கடை முதலாளிக்கு இரக்கம் பொங்கும். ஆதரவற்றோர் இல்லத்துக்குப் போன் போடுவார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்க மாட்டார், "80ஜி ரசீது உண்டுல்ல?" என்பார். அரிசி மூட்டையாக இறக்கினால் 80ஜி என்னும் நன்கொடை வரிக்கழிவு கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாயைத் தாண்டினாலும் கிடையாது. ஆகவே பசிக்குச் செக் போகும். பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குக் கொடுத்ததில் பாதியைத்தான் வருமானத்தில் கழிக்கலாம். தர்மம் தலைகாக்கும், ரசீது பாதி காக்கும்.

போன வருஷம் ஆடிட்டர் அவரைப் புதிய வரிமுறைக்கு மாற்றிவிட்டார். அதில் 80ஜி கழிவே இல்லை. அந்த மார்ச்சில் போன் வரவில்லை. இல்லத்துக்காரரே கூப்பிட்டிருக்கிறார்.

"அண்ணாச்சி, இந்த வருஷம்...?"

"கொடுக்கிறதுல என்னங்க கணக்கு? மனசுதான் முக்கியம்" என்றாராம்.

மனசை மட்டும் அனுப்பிவைத்தார். அதற்கு ரசீது தேவைப்படவில்லை.