தனியாத்தான் போறேன்மா

புனேயின் வாக்கட் பகுதியில் சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு ஓர் அடுக்குமாடி வளாகமே தூக்கம் கெட்டு எழுந்து உட்கார்ந்திருந்தால், அங்கே யாரோ தனிமையைத் தேடிப் புறப்படுகிறார் என்று அர்த்தம். மூன்றாவது மாடிக் குழந்தை வீறிடும். தெருநாய்கள் கூட்டம் கூடும். கீழே ஒரு புல்லட் டுப் டுப் டுப் என்று மார்பில் அடித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் முழங்காலுக்கு ஒரு கவசம், முழங்கைக்கு ஒரு கவசம், முதுகுக்கு ஒன்று என்று மாட்டிக்கொண்டு, குருக்ஷேத்திரத்துக்குக் கிளம்பியவர் மாதிரி நம் ஆள் நிற்பார்.

இந்த இனத்துக்கு 'சோலோ ரைடர்' என்று பெயர். எங்கள் வளாகத்து மராத்தி வாட்ச்மேன் காகாவின் காதில் அது 'சோலாப்பூர் ரைடர்' என்று விழுந்துவிட்டது. வாராவாரம் ஒருவர் சோலாப்பூருக்கு ஏன் போகிறார், போனால் ஊரே மெச்சும் சோலாப்பூர்ப் போர்வை ஒன்றாவது ஏன் வாங்கி வருவதில்லை என்பது அவருடைய நெடுநாள் சந்தேகம். "இந்த வாரமாவது ஒரு சாதர், சாஹிப்" என்று கேட்டைத் திறந்துவிடுவார். நம் ஆள் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து தலையாட்டுவார். என்ன கேட்டார் என்பது புல்லட் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது.

ஆளை எளிதில் அடையாளம் காணலாம். சொந்த ஊர் திருச்சிப் பக்கம், வேலை ஹிஞ்சவாடி ஐ.டி. பார்க்கில். திங்கள் முதல் வெள்ளி வரை அவரைச் சுற்றி ஆள், வண்டி, மீட்டிங். அதனால்தான் வார இறுதியில் ஒற்றை யானையாக மாறிவிடுகிறார். யானைக்கும் இவருக்கும் ஒரே வித்தியாசம், யானை கிளம்பும்போது ஸ்டேட்டஸ் போடாது.

பஜாஜின் சொந்த ஊரான புனேயில், ஆகுர்டி ஆலைக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருந்துகொண்டு, அவர் புல்லட்தான் வாங்குவேன் என்று நின்றதில் ஒரு ஊர்ப்பாசம் உண்டு. 1955-இல் இங்கிலாந்து என்ஃபீல்டு கம்பெனியோடு கைகோத்துத் திருவொற்றியூருக்கு வந்து சேர்ந்த வண்டி அல்லவா? "நானும் தமிழ்நாடு, அவளும் தமிழ்நாடு" என்பார். வண்டிக்கு அவள் என்றுதான் சொல்லவேண்டும். அது என்று சொல்லிவிட்டால் முகம் சுண்டிப்போகும்.

அவருடைய அப்பாவும் ஆற்றோரம் வண்டி ஓட்டியவர்தான். திருச்சியிலிருந்து கரூர் போகும் சாலையில் காவிரி கூடவே வரும். முக்கொம்பு, ஜீயபுரம், குளித்தலை என்று அந்த வழி முழுக்க அவர் ஓட்டியது டி.வி.எஸ். ஃபிஃப்டி. முன்னால் அரிசி மூட்டை, மூட்டைமேல் மூத்த பிள்ளை, பின்னால் மனைவி, மனைவி மடியில் நம் ஆள். அந்த மனிதர் தனியாக வண்டி ஓட்டிய ஒரே தூரம், வீட்டிலிருந்து மெக்கானிக் கடை வரைக்கும்தான். அப்போதும் தள்ளிக்கொண்டுதான் போயிருப்பார்.

துணையில்லாமல் தொலைதூரம் போகாதே என்று வெற்றிவேற்கையில் அதிவீரராம பாண்டியன் சொல்லிவைத்ததை நம் ஆளும் பள்ளியில் மனப்பாடம் செய்து பத்துக்குப் பத்து வாங்கியவர். இப்போது அதை மீறுவதற்காகவே சுமார் எண்பதாயிரம் ரூபாய்க்குத் தளவாடம் சேர்த்திருக்கிறார். ஹெல்மெட் கட்டாயம் என்றதற்கே எதிர்ப்பு ஊர்வலம் போன ஊரில், ஒரு மாத வாடகை விலையில் ஹெல்மெட். அதன் நெற்றியில் நெற்றிக்கண் மாதிரி ஒரு கேமரா. இரண்டு பக்கமும் ஜெர்ரி கேன். லடாக்கில் இருநூறு மைலுக்கு பெட்ரோல் பங்க் இல்லையாம், அதற்காக. இவர் போகும் பௌட் சாலையில் பங்க்குக்கும் வடா பாவுக்கும் பஞ்சமே கிடையாது. பங்க்சர் ஒட்டும் பெட்டி ஒன்றும் உண்டு. ஒருநாள் ஆணி குத்தியபோதுதான் அது ட்யூப்லெஸ் டயருக்கான பெட்டி, அவள் ஸ்போக்ஸ் சக்கரத்தில் இருப்பது ட்யூப் என்று தெரிந்தது. அரை மைல் தள்ளிக்கொண்டு போய் ஒரு மலையாளச் சேட்டன் கடையில் ஒட்டினார். சேட்டன் டீயும் வாங்கிக் கொடுத்து, தமிழில் நலம் விசாரித்து, "ஒற்றைக்கோ?" என்று கேட்டாராம். அன்றைய பதிவில் சேட்டன் இல்லை. 'சாலையும் நானும்' என்று மட்டும் இருந்தது.

பயணம் எங்கே? ஆற்றங்கரைக்குத்தான். இதில் ஒரு வேடிக்கை. வாக்கட்டிலிருந்து பாலேவாடிக்குப் போகும் நெடுஞ்சாலைப் பாலத்துக்குக் கீழே ஓடுவது முளா ஆறு. அந்தப் பாலத்தை அவர் தினமும் கடக்கிறார். ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை; பார்க்கும்படி அந்த ஆறும் இல்லை. சனிக்கிழமையானால் சுமார் 40 கிலோமீட்டர் ஓட்டிப்போய், முள்ஷி அணையில் அதே முளாவைப் பார்த்து, "இப்படி ஓர் ஆறா!" என்று உருகுகிறார். மழைக்காலத்தில் உருகாவிட்டால்தான் தப்பு. ஏரிக்கரையை ஒட்டியே சாலை வளைந்து வளைந்து தாம்ஹிணி மலைப்பாதைக்குப் போகும். மேகம் சாலைமீதே உட்கார்ந்திருக்கும். பாறைக்குப் பாறை அருவி.

அந்தத் தண்ணீரின் கதையும் இவர் கதை மாதிரிதான். முளா கிழக்கே ஓடி, முட்டாவோடு கூடி, பீமாவில் விழுந்து, பிறகு கிருஷ்ணையோடு வங்கக் கடலுக்குப் போகவேண்டிய ஆறு. 1920-களில் டாட்டா கம்பெனி அணை கட்டித் தண்ணீரைத் திருப்பி, மலைக்கு மேற்கே பீராவில் இறக்கி மும்பைக்கு மின்சாரம் எடுத்தது. இன்றைக்கு அது குண்டலிகா ஆற்றோடு அரபிக் கடலுக்குப் போகிறது. கீழே கோலாடில் ரப்பர் படகில் ஆர்ப்பரிக்கிறார்களே, அந்தக் காட்டு வெள்ளம்கூட மின்நிலையம் காலையில் தண்ணீர் திறந்துவிட்டால்தான் வரும். கம்பெனி காட்டிய பக்கம் திரும்பி, கம்பெனி சொன்ன ஷிஃப்டில் ஓடுவதில் ஆற்றுக்கும் நம் ஆளுக்கும் பேதமில்லை. சேர்ந்தாற்போல் இருவரும் சுதந்திரமாக இருப்பதாகத்தான் படத்தில் தெரிகிறது.

படம் என்றதும் நினைவு வருகிறது. தனிமையில் ஒரு பெரிய சங்கடம், அதைப் படமெடுக்க இன்னொரு ஆள் வேண்டும். சுற்றுலா வந்த குடும்பத்தலைவர் யாரையாவது பிடித்து போனைக் கையில் கொடுப்பார். "நான் ஏரியைப் பார்த்து நிற்பேன், காகா. நீங்க இருப்பது எனக்குத் தெரியாத மாதிரி எடுங்க." முதல் படத்தில் காகாவின் விரல். இரண்டாவதில் காகாவின் பேரன். மூன்றாவதில் இன்னொரு சோலோ ரைடர் பின்னால் அதே மாதிரி ஏரியைப் பார்த்து நிற்கிறார். ஜூலை மாதம் தாம்ஹிணியில் காந்தா பஜிக் கடைக்கு முன்னால் வண்டி நிறுத்த இடம் கிடையாது. அத்தனையும் தன்னந்தனியாக வந்த வண்டிகள்.

நடுநடுவே போன். மணிக்கு ஒரு முறை அம்மா.

"சாப்பிட்டியாடா?"

"ஆச்சும்மா."

"யாரு கூட போயிருக்க?"

"தனியாத்தான் போறேன்மா."

"ஆறு பார்க்கணும்னா முக்கொம்புக்கு வாயேன்டா. அப்பாவும் வருவாரு, சோறு கட்டிக்கிட்டுப் போலாம்."

போனமாதம் நடந்ததை அவரே சொன்னார். பௌட் சந்தை முக்கில் டீ குடித்துவிட்டு வண்டியை உதைக்கும்போது, வெள்ளைத் தொப்பியும் வேட்டியுமாக ஒரு பெரியவர் வந்தார். உரச்சாக்கைக் கூம்பாக மடித்து மழைக்குத் தலையில் போட்டிருந்தார். "எக்டாச் கா?" என்றார். தனியாகவா என்று அர்த்தம். நம் ஆள் பெருமையோடு "ஆமாம்" என்றார். சோலோ ரைடர் அந்தக் கேள்வியில் தத்துவம் கேட்கிறார். பெரியவர் கேட்டது பின்சீட் காலியா என்று. பதில் வந்ததும் அரை மூட்டை யூரியாவை முன்னால் டாங்க்மேல் ஏற்றிவிட்டு, இரண்டு ஜெர்ரி கேனுக்கும் நடுவே கால்போட்டு ஏறி உட்கார்ந்து, "சல்" என்று முதுகில் தட்டிவிட்டார்.

ஏரிக்கரையில் நம் ஆள் வழக்கமான இடத்தில் வண்டியை நிறுத்தி, "எவ்வளவு அமைதி, பாருங்கள் ஆஜோபா. ஒரு மனிதரும் இல்லை" என்றார், தெரிந்த அரைகுறை மராத்தியில். பெரியவர் தண்ணீரின் நடுவில் ஓரிடத்தைக் கைநீட்டிக் காட்டினார். தன் தாத்தாவின் வீடு அங்கேதான் இருந்தது என்றார். அந்த அணை பல ஊர்களை விழுங்கியது. 1921-இல் அங்கே நடந்த முள்ஷி சத்தியாகிரகத்தை முன்நின்று நடத்தியவர் பாண்டுரங்க மகாதேவ் பாபட். சேனாபதி என்ற பட்டப்பெயர் அவருக்குக் கிடைத்தது அதில்தான். புனேயின் சேனாபதி பாபட் சாலை நெரிசலை நம் ஆள் நூறு முறை திட்டியிருக்கிறார். அந்தச் சேனாபதி யாரென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஏரியைப் படமெடுக்கக் கை வரவில்லையாம். பெரியவரை வீட்டில் இறக்கிவிட்டார். அந்த வீட்டம்மா பிட்லாவும் பாக்ரியும் போட்டு, இரண்டாவது பாக்ரியை வேண்டாம் என்றதற்குக் கோபித்துக்கொண்டார். இவர் மூன்று சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து கேமராவைக் கணினியில் போட்டுப் பார்த்தார். முன்னால் யூரியா மூட்டை. வண்டிக் கண்ணாடியில் ஒரு வெள்ளைத் தொப்பி. ஒலிப்பதிவில் இடம் வலம் என்று வழிசொல்லும் குரல். திருவொற்றியூர் புல்லட் முழுசாக டி.வி.எஸ். ஃபிஃப்டியாக மாறியிருந்தது. எந்தத் துண்டை வெட்டினாலும் சோலோ வரவில்லை. அன்றைக்கு ஸ்டேட்டஸ் போடவில்லை.

அதிவீரராம பாண்டியன் பேச்சை அவர் ஒரு வாரமும் மீறியதில்லை என்பது எனக்கு முன்பே தெரியும். அவரிடம் சொல்லவில்லை. எண்பதாயிரம் ரூபாய் தளவாடம், பாவம்.

சென்ற சனிக்கிழமை ஐந்தரைக்கு வழக்கம்போல் வளாகமே எழுந்து உட்கார்ந்தது. நானும் பால்கனியிலிருந்து பார்த்தேன். வலப்பக்க ஜெர்ரி கேனைக் காணோம். அந்த இடத்தில் பின்சீட்டில் உட்காருபவர் கால் வைக்க வாட்டமாக இடம். காகா கேட்டைத் திறந்தார். "இந்த வாரமாவது ஒரு சாதர், சாஹிப்."

நம் ஆள் முதல்முறையாக எஞ்சினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி, "என்ன கேட்டீங்க காகா?" என்றார்.