முன்பணம் கட்டிய பள்ளம்

கோட்டூர்புரம் படிப்பாளிகளின் பேட்டை. அண்ணா நூற்றாண்டு நூலகம் இங்கேதான். ஐஐடியும் அண்ணா பல்கலைக்கழகமும் கூப்பிடு தூரம். அதிர்வைப் பற்றிய அறிவுக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் குறைவில்லை. அதிர்வுக்கும் குறைவில்லை.

உட்கார்ந்திருக்கும் உடம்பை நொடிக்கு 4 முதல் 8 முறை மேலும் கீழும் குலுக்கினால்தான் அதிகம் நோகும். இதை அளக்க ஐ.எஸ்.ஓ. 2631 என்று உலகத் தரமே இருக்கிறது. பஸ்ஸின் கடைசி சீட்டில் தூக்கிப்போடப்படும் பாட்டிக்கு அந்த எண் தெரியாது. அவர் இடுப்புக்குத் தெரியும்.

வேகத்தடைக்கும் இலக்கணம் உண்டு. உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர் என்கிறது இந்திய சாலைப் பேராயம். நம் தெருவில் அளவைத் தீர்மானிப்பது அன்றைக்கு மிஞ்சிய தார்.

பள்ளத்தின் கதை இன்னும் அருமை. குடிநீர், மின்சாரம், கேபிள் என்று ஆளுக்கொரு முறை வெட்டுகிறார்கள். சும்மா வெட்டுவதில்லை. சாலைச் சீரமைப்புக் கட்டணத்தை மாநகராட்சியில் கட்டிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். ஆக, பள்ளத்தை மூடும் காசு பள்ளத்துக்கு முன்பே பிறந்துவிடுகிறது. காசு சேர்ந்த வேகத்தில் ஜல்லி சேர்வதில்லை. மழைக்காலம் வந்தால் ரோடு வெட்டத் தடை போடுவார்கள். மூடத் தடை கிடையாது. அதை அவர்களாகவே கடைப்பிடிக்கிறார்கள்.

பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் புதியது போடுங்கள் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். சுரண்டாமல் போட்டால் ரோடு உயரும். மேன்ஹோல் மூடி பள்ளத்தில் நிற்கும். இது தெரியாத இன்ஜினியர் இல்லை. தெரிந்துமா உத்தரவு தேவைப்பட்டது?

2024-ல் தாழ்தள பஸ்கள் வந்தன. ஏர் சஸ்பென்ஷன் உண்டு. நிறுத்தத்தில் பயணிக்காகச் சாய்ந்தும் கொடுக்கும். நல்லது. ரோட்டில் செலவழித்துக் குலுக்குகிறோம். பஸ்ஸில் செலவழித்துக் குலுக்கலைக் குறைக்கிறோம். இரண்டு பில்லும் நம் தலையில்.

சரி, நிதி இல்லையா? ஆள் இல்லையா? பெரிய மனிதர் ஒருவர் வருகிறார் என்றால் முந்தின இரவே தார் வரும், ரோலர் வரும், அதிகாரிகளும் வருவார்கள். விடிவதற்குள் ரோடு வழவழக்கும். எல்லாம் இருக்கிறது. வரி கட்டுகிறவன் இடுப்புக்குத்தான் இன்னும் புரோட்டோகால் இல்லை.