ரம்பத்துக்குச் சுருதி சேர்த்த கதை

நான் வாயைத் திறந்தால் ரம்பம் போடுகிறேன் என்பது என் தர்மபத்தினியும் சிநேகிதர்களும் பல வருஷங்களுக்கு முன்பே ஏகமனதாக நிறைவேற்றிவிட்ட தீர்மானமாதலால், பென்ஷன் வாங்கிக்கொண்டு கோத்தகிரியில் குடியேறிய மூன்றாம் வருஷம், பெட்ரோல் குடித்துச் சங்கிலியைச் சுழற்றி மரம் அறுக்கும் 35 சி.சி. பவர் சா ஒன்றைக் கோயமுத்தூரிலிருந்து வாங்கிவந்து வராந்தாவில் இறக்கியபோது, வீட்டில் யாரும் அதை ஓர் ஆச்சரியமாகப் பாராட்டவில்லை. “இனிமேலாவது மரத்துக்கிட்ட போடுங்க” என்று மட்டும் அவள் சொன்னாள்.

வாங்கியது வீண் ஆசையினாலன்று. ஆடிக் காற்றில் கொல்லைப்புறத்துக் கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், வேரோடு சாய்ந்திருந்தது. மலைப்பிரதேசத்தில் சொந்தப் பட்டா நிலத்து மரத்தையும் அனுமதியின்றி வெட்டலாகாது என்று 1955-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று உண்டு. காற்று அதைப் படித்ததில்லை. நான் படித்தவனாகையால் எழுதிக்கொடுத்து அனுமதி பெற்றுக்கொண்டேன். நீலகிரியில் குடியேறிய வெள்ளைக்காரர்கள் குளிருக்குப் பயந்து சோலைக்காடுகளையே கணப்பில் வைக்கத் தொடங்கி, விறகுக்குத் தட்டுப்பாடு வந்தபின், அதற்குப் பரிகாரமாகத் தோப்புத் தோப்பாக வளர்த்த ஆஸ்திரேலிய ஜாதி அது. 1843-இல் முதன்முதலாக இங்கே நடப்பட்டது. ஆகையால் என் வெந்நீர் அடுப்புக்குள் பிரவேசிப்பதே அந்த மரத்தின் ஜன்ம உத்தேசம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

லிட்டருக்கு 20 மில்லி ஆயில் கலக்க வேண்டும் என்றது கைப்புத்தகம். பேரனுக்கு மருந்து புகட்டிய வெள்ளிப் பாலாடை அந்த அளவுக்குக் கச்சிதமாயிருந்தது. அதனால் வீட்டில் விளைந்த சம்பாஷணையை இங்கே எழுதுவதற்கில்லை. கயிற்றை இழுத்தேன். யந்திரம் இருமியது, புகைந்தது, பிறகு சளி பிடித்த பாகவதர் கச்சேரிக்கு ஒப்புக்கொண்டுவிட்ட கடமைக்காகப் பாடுவதுபோலக் கரகரவென்று ஒரு குரல் எடுத்தது. மரத்தில் வைத்தால் மூச்சு முட்டியது.

காரணம் என்னவென்று இரண்டு நாள் யோசித்துக் கண்டுபிடித்தேன். இந்தக் கதையில் நான் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். கடல்மட்டத்துக் காற்றைக் காட்டிலும், ஏறக்குறைய 6,000 அடி உயரத்திலுள்ள எங்கள் ஊர்க் காற்றின் கனம் ஆறில் ஒரு பங்கு குறைவு. சமவெளிக்கென்று அளந்து வைத்த பெட்ரோல் அப்படியே வர, அதற்கு ஈடான காற்று மட்டும் வராமற்போனால், யந்திரத்துக்கு அஜீரணம் உண்டாவது சகஜந்தானே? கார்ப்பரேட்டரின் விலாவில் எல், எச், டி என்று எழுத்துப் போட்ட மூன்று குட்டித் திருகாணிகள் இருந்தன. எல் என்பது மந்த கதியில் பெட்ரோலின் அளவு, எச் என்பது முழு வேகத்தில் அதன் அளவு, டி என்பது கையை எடுத்தபின் எவ்வளவு சுறுசுறுப்பாகச் சும்மாயிருக்க வேண்டும் என்பது. முதல் இரண்டையும் வலப்புறம் திருகினால் பெட்ரோல் குறையும். இடப்புறம் திருகினால் கூடும்.

அம்மூன்றையும் கண்டவுடன் எனக்குத் தம்புராவின் பிருடைகள் ஞாபகத்துக்கு வந்ததுதான் சகல அனர்த்தத்துக்கும் மூலம். எனக்குப் பாட வராது. ஆனால் நாற்பது வருஷம் சபாக்களில் ஓசிச் சீட்டில் முன்வரிசையில் அமர்ந்து, சுருதி ஒரு நூலிழை இறங்கினாலும் முகத்தைச் சுளித்து, வித்துவான்களையே நிலைகுலையச் செய்தவன் என்ற கீர்த்தி உண்டு. அளவுக்குமீறித் திருகாதபடி திருகாணிகளின்மேல் பொருத்தியிருந்த பிளாஸ்டிக் குல்லாய்களைக் குறடால் பிடுங்கியெறிந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு எச் திருகாணியை வலப்புறமாக முடுக்கினேன். கரகரப்பு தேய்ந்தது, இன்னும் கால் சுற்று முடுக்க, புகை நின்றது, இன்னும் ஒரு மயிரிழை முடுக்க, அப்பா! நல்லெண்ணெய் ஒழுகுவதுபோல ஒரே தாரையாகச் சுத்தமான ஷட்ஜம்! பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ரசிகர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இவ்வளவு தூய சுருதியில் பாடிய யந்திரம் மரத்தை மட்டும் அறுக்கவில்லை. மூன்று வாரம் திருகாணிகளோடு மல்லுக்கட்டினேன். கற்பூர மரம் முக்கால்வாசி முழுசாகவே கிடந்தது. கடைசியில், ஆர்.எக்ஸ். 100 மோட்டார் சைக்கிள்களுக்கு உயிர் கொடுப்பதில் பேர்போன கடைத்தெரு மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போனேன். அந்த வண்டியின் உற்பத்தி 1996-ஓடு நின்றுவிட்டது. டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களின் சூட்சுமம் மாத்திரம் இத்தகைய கைகளில் ஜீவித்திருக்கிறது. அவர் யந்திரத்தைத் தொடவேயில்லை. என் வேட்டி மடிப்பில் ஒட்டியிருந்த மரத்தூளைக் கிள்ளியெடுத்து விரல்களுக்கிடையில் தேய்த்தார்.

“மாவு மாதிரி விழுது பாருங்க சார். அவல் மாதிரி விழணும். எஞ்சின்ல ஒண்ணுமில்ல, செயின் மொட்டை.”

முதல் நாளே கட்டையைத் தாண்டிச் சங்கிலி மண்ணில் இறங்கியது நினைவுக்கு வந்தது. மண்ணில் ஒரு நொடி பட்டால் போதுமாம். அவர் 4 மில்லிமீட்டர் உருண்டை அரம் ஒன்றை எடுத்து, பல்லுக்குப் பல் 30 டிகிரி சாய்வில், உள்ளிருந்து வெளியே, ஒவ்வொன்றுக்கும் எண்ணி மூன்றே தள்ளு தள்ளினார். இடப்பக்கத்துப் பற்கள் முடிந்து யந்திரத்தைத் திருப்பி வலப்பக்கத்துப் பற்களுக்கும் அதே மூன்று. ஒரு பக்கம் கூர் அதிகமானால் ரம்பம் கட்டைக்குள் கோணிக்கொண்டு போய்விடுமாம். அரத்தின் கீழிருந்து ‘சர்க்’ என்று எழுந்த அந்தச் சப்தம் என் சங்கீதக் காதுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. இடமும் வலமுமாக மாறிவரும் இப்பற்களுக்கு வழிகாட்டியது ஒரு வண்டின் புழு: 1946-இல் அமெரிக்காவின் ஆரிகன் காட்டில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, அது இருபுறமும் மாறிமாறிக் கடித்து மரத்தைக் குடைந்து செல்வதைப் பார்த்து, அதே ரீதியில் சங்கிலி செய்தாராம். புழுவுக்கு அரம் பிடிக்கும் சிரமம் கிடையாது.

பிறகு மெக்கானிக் பிளக்கைக் கழற்றினார். காப்பித்தூள் நிறத்தில் இருக்கவேண்டிய அதன் முனை சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

“யாரு சார் எச்சை இப்படி முடுக்குனது?”

நான் அடக்கத்துடன் என் சுருதி ஞானத்தைக் குறிப்பிட்டேன்.

“சும்மா ஓடுறப்ப கொஞ்சம் கரகரன்னுதான் இருக்கணும். கட்டையில வச்சா அதுவே தெளிஞ்சிரும். சும்மா இருக்கறப்பவே தெளிவாப் பாடுச்சுன்னா பட்டினியில பாடுதுன்னு அர்த்தம். பெட்ரோலோடதான சார் ஆயிலும் போகுது? அது கொறஞ்சா இதுவும் கொறையும்.” சொல்லிக்கொண்டே எச்சை இடப்புறம் திருப்பிப் பழைய சளிக் குரலை வரவழைத்தார். “கீழ மேட்டுப்பாளையம் பக்கம் கொண்டுபோனா இன்னும் கொஞ்சம் திறந்துக்குங்க. அங்க காத்து கனம்.”

அன்று மாலை இரண்டு மணி நேரத்தில் மரம் முழுவதும் துண்டு துண்டாகிவிட்டது. என் முழங்கால்வரை அவல் குவிந்தது.

இத்தோடு கதை நின்றிருந்தால் நான் விவேகி. மறுநாள் காலை யந்திரத்தைச் சும்மா ஓட்டிப் பார்த்தேன். அந்தக் கரகரப்பு பொறுக்கவில்லை. நாற்பது வருஷத்து ரசிகன், அபசுரத்தைச் சுருதியென்று ஒப்புக்கொள்ளும்படி ஒரு மோட்டார் சைக்கிள் மெக்கானிக் சொன்னால் கேட்பதா? ஒரே ஒரு மயிரிழை முடுக்கினேன். பிறகு இன்னொன்று.

அடுத்த வாரம் மேட்டுப்பாளையத்தில் மைத்துனனுடைய தோட்டத்துப் புளியமரத்தின் பட்ட கிளையை அறுத்துத் தருவதாக வாக்களித்து, அதே சுருதியோடு மலையிறங்கினேன். எழுத்துப் பிசகாமல் ஞாபகமிருந்த மெக்கானிக்கின் எச்சரிக்கையை, கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் ஓர் அபிப்பிராய பேதமாகக் கருதித் தள்ளிவிட்டேன். தடித்த காற்றில் ரம்பம் முன்னெப்போதும் இல்லாதபடி பாடிற்று. புளியங்கட்டையின் வைரத்தில் இறங்கி ஐந்து நிமிஷம் ஆனபின் அதன் குரல் தானாகவே ஏறத் தொடங்கியது. பஞ்சமம் போயிற்று, தார ஷட்ஜத்தைத் தொட்டது, அதற்கும் மேலே ஏறியது. நான் மெய்மறந்து தலையாட்டினேன். “மாமா, ஏதோ தீயற வாசம் அடிக்குது” என்று மைத்துனன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ‘கிறீச்’ என்று ஒரு சப்தம். அப்புறம் தோப்பில் காக்கைகள் மட்டும் கத்தின. கயிறு இழுக்க வரவில்லை.

மெக்கானிக் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. சிலிண்டரைக் கழற்றி, பிஸ்டனை எடுத்துத் துணியால் துடைத்து, வெயிலில் காட்டினார். மேலிருந்து கீழாகப் பக்கத்தில் மூன்று கோடுகள், நேராக, கீறிவைத்தாற்போல. கூட வந்திருந்த என் மனைவி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உற்றுப் பார்த்தாள்.

“அழகா நாமம் போட்டிருக்குங்க” என்றாள்.