வரிக்கு வாய்த்த முகூர்த்தம்

வரிவிதிப்புக்குச் சமத்துவம், செலுத்துவோரின் சக்தி முதலிய தத்துவங்கள் பலவுண்டென்று பொருளாதாரப் பண்டிதர்கள் கூறுவர்; நம் ராஜ்யத்திலோ அவையனைத்துக்கும் மேலானதாக முகூர்த்தம் என்ற ஒன்று இருக்கிறது. 2018-ல், நகராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட அங்கத்தினர் எவருமில்லாத சௌகரியமான காலத்தில் உயர்த்தப்பட்ட சொத்து வரி, தேர்தல் வாசனை வீசத் தொடங்கிய 2019 நவம்பரில், கமிட்டியொன்றின் பரிசீலனையை முன்னிட்டு நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் தாம்பரம், பல்லவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் உள்ளிட்ட ஐந்து பேரூராட்சிகளும் 2021-ல் ஒன்றுகூடித் தாம்பரம் மாநகராட்சியென மகுடம் சூடின. 2022 பிப்ரவரி 19-ல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் ஜனங்கள் வாக்களித்தனர். ஏப்ரல் முதல் தேதியன்று (அத்தேதியைத் தேர்ந்தவரின் ஹாஸ்ய ரசனையை மெச்சாதிருக்க முடியாது) வரி உயர்வு பிரகடனமாயிற்று. 600 சதுர அடிக்குட்பட்ட குடியிருப்புக்கு 25 சதவீதம். 1,800-க்கு மேற்பட்டதற்கு 100.

இவ்வுயர்வு மத்திய நிதிக் கமிஷன் மானியத்தின் நிபந்தனை என்று கோட்டை டில்லியைக் காட்டிற்று. முன்பு ஆளுங்கட்சியாயிருந்து உயர்த்தியவர்கள் இப்போது தெருவில் நின்று ஆர்ப்பரிக்க, அன்று ஆர்ப்பரித்தவர்கள் ஆசனத்திலமர்ந்து அவசியத்தை விளக்கினர். பிரசங்கங்களைப் பரஸ்பரம் மாற்றிக்கொண்டதில் எழுதும் சிரமமாவது இரு தரப்பாருக்கும் மிச்சமாயிற்று.